எருதுக்காக ஒரு விளக்கு

தகரக் கூரையில் மறுபடியும் கல் விழுந்தது. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து, அப்புறம் யாரோ சரளையை அள்ளி வீசினாற்போலச் சடசடவென்று.

லோமோங்கின் கட்டிலுக்கடியில் கையை விட்டு அரிவாளைத் துழாவினான். பகலெல்லாம் சம்மட்டி பிடித்துப் பாறை உடைக்கிற கை. இப்போது அதற்கு அரிவாள் பிடிகூட அகப்படவில்லை.

"திருடனுங்கதான்," என்றாள் அவன் மனைவி நபுகீரா. அவள் இதே தெற்குச் சீமை, மசாக்காப் பக்கத்துக்காரி. "ஆள் முழிச்சிருக்கா, தூங்குதான்னு கல்லு வீசிப் பாக்குறானுங்க."

"எருது?"

"கட்டுனது கட்டுனபடி இருக்கு. நீங்க சத்தம் போடாம கிடங்க."

லோமோங்கின் வடக்கே கரமோஜாக்காரன். மழை மறந்துபோன பூமி. அங்கே ஓர் ஆணை அவன் எருதின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கல்குவாரிக்குப் பிழைக்க வந்தபோது பாய் தலையணையை விட்டுவிட்டு, நெற்றி வெளுத்த அந்தக் கறுப்பு எருதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன். அது போனால் அவனுக்குப் பெயரே இல்லை. அவன் ஊரில் மாட்டுக் கொள்ளையர் வந்தால் அடுப்பு நெருப்பைக்கூட அவித்துவிட்டு மூச்சுக் காட்டாமல் படுத்துக்கொள்வார்கள். நபுகீரா தலைகீழாகச் சொன்னாள்.

"வாசல்ல விளக்கு போடுங்க. வெளிச்சத்துல எந்தத் திருடன் வருவான்?"

எலக்ட்ரீஷியன் கவீசி வந்து வாசலுக்கு மேலே ஒரு விளக்கு மாட்டினான். ஒயருக்கும் கூலிக்குமாக இரண்டு ஆடுகள் சந்தைக்குப் போயின.

அன்று இருட்டியதும் விளக்கு எரிந்தது. கல் முன்னைவிட அதிகமாக விழுந்தது. லோமோங்கின் ஜன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தான். வேலியோரம் மூன்று உருவங்கள். கையில் சாக்கு. முகமெல்லாம் துணி சுற்றி, கண் மட்டும் மினுங்கியது.

"சாக்கு எதுக்குடி?"

"முழு மாட்டை ஓட்டிட்டுப் போனா ஊரு பாக்காதா? வெட்டித்தான் கொண்டுபோவானுங்க."

அவனுக்கு ஒன்றுக்கு முட்டியது. கழிப்பறை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

காலையில் முற்றம் பெருக்கி விட்டாற்போல இருந்தது. ஒரு கல்லையும் காணோம்.

"தடயத்தை விட்டுட்டுப் போக அவனுங்க என்ன உங்களை மாதிரியா? பொறுக்கிட்டுப் போயிருப்பானுங்க," என்றாள் நபுகீரா.

கவீசியைப் பிடித்துக் கேட்டான். கவீசி வீட்டைச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினான்.

"ஒத்த விளக்கு போட்டா என்ன அர்த்தம்ணே? இங்க சொத்து இருக்கு, வாங்கன்னு நீங்களே கூப்பிடுற மாதிரி. நாலு மூலைக்கும் போடணும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"முதல்லயே சொன்னா மலைச்சுப் போவீங்க."

மிச்ச ஆடுகளும் சைக்கிளும் போயின. லோமோங்கின் குவாரிக்கு நடந்தான்.

நாலு மூலையிலும் விளக்கு எரிந்த அன்று வேலியைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கூரையில் கல் மழை. நடுவில் ஒரு குழந்தை அழுதது.

"பச்சைப்பிள்ளையைத் தூக்கிட்டா திருட வருவாங்க?"

"நாம இரக்கப்பட்டுக் கதவைத் திறப்போம்னுதான். திறந்தீங்க, ஒரே வெட்டு!"

பிறகு கவீசி சொன்னது ஒன்றே ஒன்றுதான். பந்து விளையாடுகிற மைதானத்தில் இருக்கிறதே, அந்த மாதிரிக் கம்பத்து விளக்கு. விலையைச் சொன்னபோது அவன் கண் எருதின்மேல் இருந்தது.

"எருதைக் காப்பாத்தத்தானேடா விளக்கு? எருதையே வித்துட்டு எதுக்கு விளக்கு?"

"உசுரு இருக்கேண்ணே. அடுத்து அதுக்குத்தான் வருவானுங்க."

லோமோங்கின் அன்றைக்குச் சோளக்களியைத் தொடவில்லை. எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதற்கான பாட்டைப் பாடத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

"நீங்க பாக்க வேணாம், நானே கொண்டுபோய் வித்துட்டு வர்றேன்," என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள் நபுகீரா. திரும்பி வந்து அவள் கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் கவீசியிடம் நீட்டினான்.

கம்பத்து விளக்கு எரிந்தது. முற்றம் பட்டப்பகலானது. கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சத்தம். வெளியே கூச்சல், ஓட்டம், சிரிப்பு.

லோமோங்கின் காலியான தொழுவத்தை இடுக்கு வழியாகப் பார்த்தான். இனி எதைக் காப்பாற்ற? அரிவாளை எடுத்தான்.

"ஏங்க, வேணாங்க! போகாதீங்க!" என்று அவன் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள் நபுகீரா.

உதறிவிட்டுக் கதவைத் திறந்தான். முகத்தில் ஏதோ வந்து அறைந்தது. தலைமயிரில் ஊர்ந்தது. வாய்க்குள் ஒன்று போய்த் துள்ளியது. துப்பினான். பச்சைப் பசேலென்று வெட்டுக்கிளி. ஆகாயம் கொள்ளாத வெட்டுக்கிளி, விளக்கைச் சுற்றிச் சுழன்று கூரையில் சடசடவென்று மோதி விழுந்துகொண்டிருந்தது. சாக்கு வைத்திருந்தவர்கள் முட்டி போட்டு அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றீங்க எல்லாரும்?"

"தெரியலியாண்ணே? மழைக்காலக் கிளி! உப்பும் வெங்காயமும் போட்டு வறுத்தா அப்படி இருக்கும். சந்தையில கறியைவிட விலை!"

அரிவாள் கையிலிருந்து நழுவியது. பயம் போன இடத்தில் வயிற்றெரிச்சல் வந்து உட்கார்ந்தது.

"பாவிகளா, இது என் எருதை வித்துப் போட்ட வெளிச்சம்!"

பக்கத்தில் முட்டி போட்டிருந்த சந்தை வாழைக்காய்க்காரி முகத்துணியை இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கண்ணே வித்தீங்க? திருடன்னு பயங்காட்டி உங்களை விளக்கு போட வச்சு, எங்ககிட்ட வெளிச்ச வாடகை வசூல் பண்ணி, அந்தக் காசுல உங்க வீட்டம்மாதானே உங்க எருதை வாங்கி அவங்க அப்பன் வீட்டுல கட்டியிருக்கு!"