என் முழங்கையும் அவர் நெஞ்சும்

பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களுக்கும் சேர்த்துப் பொய் சொல்ல யாராவது இருப்பார்கள். எனக்கு என் வீட்டுக்காரர் இருந்தார்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் கட்டிலுக்கு நேர் மேலேதான் பரண். ஒரு ஞாயிறு மத்தியானம் பரணிலிருந்து பெரிய இட்லிக் கொப்பரையை இறக்க வேண்டியிருந்தது. அவர் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். (எழுப்பினால் கத்துவார்.) ஜன்னலில் ஒரு காலும் அலமாரியில் ஒரு காலுமாக ஏறினேன். கொப்பரை பத்திரமாக மேலேயே இருந்தது. நான்தான் இறங்கினேன், முழங்கை முன்னால், அவர் நெஞ்சின் மேல். (அப்போதே நான் நல்ல கனம்.)

மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வெளிய சொல்லிடாதடி!"

அவருக்குக் கார்ப்பரேஷன் குப்பை லாரியில் வேலை. யூனியனில் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவர். பெண்டாட்டி விழுந்து நெஞ்சு போச்சு என்றால் மானம் என்னாவது? தைலம் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் அவருக்கு முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"எந்தா பற்றியது? என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல சாரே. சும்மா கெடந்தேன், நெஞ்சு வலிச்சது."

"நெஞ்சு சிவந்திருக்கே?"

"இவ தைலம் தேச்சா."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாரடைப்பாக இருக்கும் என்று டாக்டர் முடிவு கட்டினார். நர்ஸ் ஊசியோடு வந்தாள். "பேடிக்கண்டா சேச்சி, பயப்படாதீங்க. ரத்தம் கட்டாம இளக்கி விடுற ஊசிதான்."

இளக்குவதா? அடிபட்ட நெஞ்சில் உள்ளுக்குள் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தால்? சொல்ல வாய் திறந்தேன். காற்றுதான் வந்தது. (கடையில் உப்பு கேட்கவே பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்குக் கூப்பிடுகிறவள் நான்.) நர்ஸ் அவர் கையைத் துடைத்தாள். ஊசி கிட்டே வந்தது.

"நான் அவர் மேல விழுந்துட்டேன்!"

வார்டு முழுக்கத் திரும்பியது. இவ்வளவு பெரிய குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"இவளுக்குப் பயத்துல மூளை கலங்கிடுச்சு சாரே, நீங்க குத்துங்க!" என்றார் இவர்.

டாக்டர் யாரை நம்புவார்? நான் ஜாக்கெட் கையை ஏற்றிக் கன்றிப்போன முழங்கையைக் காட்டினேன். டாக்டர் அதைப் பிடித்து இவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். அச்சு அப்படியே இருந்தது. "ஊசி வேண்டா!" என்று கத்தினார்.

ஸ்கேனில் விலா எலும்பு முறிந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருந்தது தெரிந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஒழுகின இடத்தை அடைத்தார்கள். அது முடிகிறவரை நான் வெளியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆள் பிழைத்தார்.

வீட்டுக்கு விடுகிற அன்று கம்ப்யூட்டர் பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். காயத்துக்கு ஒரு நம்பர், காயம் எப்படி வந்தது என்பதற்குத் தனி நம்பர் போட வேண்டுமாம்.

"மரத்துல இருந்து விழுந்ததா அங்கிள்? வண்டி இடிச்சதா?"

யூனியன்காரர்கள் ஆரஞ்சுப் பையோடு சுற்றி நின்றார்கள். இவர் விட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொண்டாட்டி விழுந்தா. அதுக்கு நம்பர் இருக்கா மோளே?"

"உண்டு அங்கிள்," என்றாள் அவள், சிரிக்காமல். மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றும் கல்யாண வீடுகளில் யாராவது என்னைக் காட்டி, "இவங்க யாரு?" என்று கேட்டால், அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சொல்கிறார்: "இவதான் என் ஆக்சிடென்ட்."