வெந்த பயறு விட்ட மூச்சு

ஒரு கைப்பிடிப் பச்சைப்பயறுக்காக நான் ஒருமுறை வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறேன். எழுபதைத் தாண்டிவிட்டேன், இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு உயிரியல் ஆசிரியராக மாற்றலாகி வந்த புதிது. (எம்.எஸ்ஸி. படித்த திமிர் நடையிலேயே தெரியும்.) ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குச் செல்களின் சுவாசத்தைக் காட்டி அசத்த நினைத்தேன். செல்கள் உணவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து ஆற்றலை எடுக்கின்றன. அதில் ஒரு பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு பிளாஸ்கில் முளைவிட்ட பயறு, இன்னொன்றில் வேகவைத்த பயறு. இரண்டிலும் தெர்மாமீட்டரைச் செருகிப் பஞ்சால் அடைத்துவிட்டால், உயிருள்ளது சூடேறும். செத்தது சும்மா கிடக்கும்.

ஆய்வக உதவியாளர் ஹசீனாம்மா தற்காலிகப் பணியில் இருந்தார். அதிகாரி நல்லபடியாக எழுதினால் வேலை நிரந்தரம்.

“சார், வெந்த பயறுல கிருமி மருந்து ஊத்தலீங்களா? பழைய சார் ஊத்துவாரு.”

“செத்ததுக்கு எதுக்கும்மா மருந்து?” என்றேன். (நானே சிரித்தும் கொண்டேன்.)

அந்த அதிகாரியைப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தைக் கவனிக்கப் போட்டுவிட்டார்கள். ஆய்வு இரண்டு நாள் தள்ளிப்போனது. பிளாஸ்குகள் மூடியபடியே கிடந்தன.

கிரிவலத்தில் விடிய விடிய நின்ற கால்வலியோடு அதிகாரி நொண்டிக்கொண்டே வந்தார். தெர்மாமீட்டர்களைப் பார்த்தார்.

“என்ன சார் இது? செத்தது ஜாஸ்தி மூச்சு விடுது, உயிரோட இருக்கிறது கம்மியா விடுது?”

வகுப்பே என்னைப் பார்த்தது. வாய் முந்திக்கொண்டது: “அந்தம்மா பிளாஸ்க் மேல பேர்ச் சீட்டை மாத்தி ஒட்டிட்டாங்க சார்.”

ஹசீனாம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் உறுத்துகிறது. அதிகாரி அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அதற்குள் என் பொய்யை நானே நம்பிவிட்டேன். ‘இதில் முளைப்பயறுதான் இருக்கும், பாருங்கள்’ என்று வெந்த பயறு பிளாஸ்கின் பஞ்சைப் பிடுங்கினேன்.

நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்! முதல் வரிசை ஜன்னலுக்குப் பாய்ந்தது. அதிகாரி கால்வலியை மறந்து வராந்தாவுக்கு ஓடினார். பயறு செத்துத்தான் இருந்தது. அதைத் தின்னக் குடியேறிய கிருமிகளும் பூஞ்சையும் கோடிக்கணக்கில் பெருகி, ஆனந்தமாகச் சுவாசித்திருந்தன.

அதிகாரி மூக்கைப் பொத்தியபடி கேட்டார்: “மருந்து ஊத்தாம வெச்சது யாரு?”

ஹசீனாம்மாவின் கண்கள் அதிகாரியின் பேனா மீதே இருந்தன.

“நான்தான் சார். அவங்க சொன்னாங்க, நான் கேக்கலை. சீட்டையும் அவங்க மாத்தலை. பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். எனக்கு மெமோ வந்தது. ஹசீனாம்மாவுக்கு வேலை நிரந்தரமானது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“முதல்ல அந்த பிளாஸ்கைக் கழுவிட்டு வாங்க சார், அப்புறம் பேசலாம்.”

மூன்று முறை கழுவினேன்.

சில வருடங்கள் கழித்து, தம் மகள் கல்யாணத்தில் ஹசீனாம்மா என்னைச் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்துவைத்தார்: “பிரியாணி ஆறிடுச்சுன்னா நம்ம சார்கிட்ட குடுங்க. அடுப்பே வேணாம், மூடி வெச்சே சூடு பண்ணிடுவாரு!”

பக்கத்தில் இருந்த என் மனைவிக்கு இது போதாதா? இன்றும் வீட்டில் குழம்பு ஆறிப்போனால், கிண்ணம் நேராக என் மேசைக்குத்தான் வருகிறது.