ரேஞ்சர் என்கிற ஜிம்மியின் நடைப்பயணம்

முட்டாள்தனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யோசிக்காமல் செய்வது. அதை மன்னித்துவிடலாம். மற்றது, மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து, பிரிண்ட் அவுட் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்துச் செய்வது. நான் இரண்டாவது வகை. என்ஜினீயரிங் முடித்தவன், வேறெப்படி இருப்பான்?

படிப்பு முடிந்து திண்டிவனத்தில் வீட்டோடு கிடந்த வருடம் அது. லேப்டாப்பில் டேட்டா கார்டு செருகினால், ஒரு பக்கம் திறப்பதற்குள் காப்பி ஆறிப்போகும். அந்த வேகத்தில்தான், யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் நாயோடு பல நாள் மலையில் நடந்து, கூடாரம் போட்டுத் தூங்கிய கதையைப் படித்தேன். படித்து முடித்ததும் என் வாழ்க்கை லட்சியம் முடிவாகிவிட்டது. (முந்தைய வாரம் வரை லட்சியம் காளான் வளர்ப்பு. அதற்கும் முந்தைய வாரம் குறும்படம்.) ட்ரெக்கிங் கம்பெனி! குயிலாப்பாளையம் பக்கம் திரிகிற வெளிநாட்டுக்காரர்களை நாயோடு நடக்கவைத்துச் சம்பாதிப்பது. அவர்கள் ஏற்கெனவே, யாருக்கும் காசு கொடுக்காமல், நாயோடுதான் நடந்துகொண்டிருந்தார்கள் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அப்பா டவுனில் பெயின்ட் கடை வைத்திருந்தார். நான் விழுப்புரத்தில் பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. கம்பெனி விஷயத்தை நான் எடுத்தபோது, டீயில் பொறை ரொட்டியை நனைத்து எங்கள் வீட்டு நாய் ஜிம்மிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா கம்பெனி?"

"ஜனங்கள நடக்க வைக்கிற கம்பெனிப்பா."

"ஏன், பஸ்ஸு ஓடலியா?"

சமையலறையில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் விடாமல் பேசினேன். பேசுவதற்கு மட்டும் எனக்கு அன்று பஞ்சமே இல்லை. கடைசியில் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கணக்குக்கு வந்தார்.

"சரி, ஜிம்மிய இட்டுக்கினு மூணு நாளு நடந்து காட்டு. நடுவுல பஸ்ஸு ஏறக் கூடாது. அப்பா வான்னு போன் அடிக்கக் கூடாது. நீயும் நாயும் முழுசா வந்து சேந்தீங்கன்னா, கடை பக்கத்து ரூம ஒரு வருஷம் உன் கம்பெனிக்கு உட்டுர்றேன். இல்லன்னா வாய மூடிக்கினு கோச்சிங் போவணும். இன்னா சொல்ற?"

ஒரு வருடச் சுதந்திரம்! உடனே சரி என்றேன்.

பிறகு ஆரம்பித்தது பிளான். மலைக்கு எங்கே போவது என்பதுதான் முதல் சிக்கல். 'மலை என்பது மனநிலை' என்று நோட்டில் எழுதி அதைத் தீர்த்தேன். (இதை எழுதிய கையை இன்று வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.) முதல் நாள் புதுச்சேரி சாலையில் கிளியனூர் ஏரிக்கரை. இரண்டாம் நாள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை, சவுக்குத் தோப்பு என்று புகுந்து இரும்பை கிராமம். மூன்றாம் நாள் குயிலாப்பாளையம் தாண்டிக் கடல்.

அடுத்தது உடை. காட்டில் நடப்பவர்கள் பளிச்சென்று ஆரஞ்சு அணிய வேண்டும், இல்லாவிட்டால் வேட்டைக்காரர்கள் மான் என்று நினைத்துச் சுட்டுவிடுவார்கள் என்று அந்த வெள்ளைக்காரர் எழுதியிருந்தார். கிளியனூரில் என்னைச் சுட யார் காத்திருந்தார்கள்? ஆனாலும் ஆரஞ்சு டி-ஷர்ட், ஆரஞ்சு தொப்பி, கூரியரில் ஆரஞ்சு கூடாரம். நாய் தன் சாப்பாட்டைத் தானே சுமக்கலாம் என்றும் அவர் எழுதியிருந்ததால், ஜிம்மிக்கும் பை வைத்த ஆரஞ்சுச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தேன். டெய்லர் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி கேட்டார்: "பின்னால ஜிப்பு வோணுமா தம்பி?"

பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஜிம்மி என்ற பெயரில் ஒரு சாகசக்காரன் இருக்க முடியுமா? ரேஞ்சர் என்று மாற்றினேன். மாற்றிய சேதியை யாரும் ஜிம்மியிடம் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் பிளான் இருந்தது. எந்த மாதத்தில் கிளம்புகிறோம் என்பதற்கு மட்டும் இல்லை. ஆகஸ்டு கடைசி. ஆரஞ்சு உடை, கையில் கோல், முதுகில் மூட்டை, முகம் தெற்கே. கிளம்பும்போது அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்பாவைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். அப்போதாவது நான் கேட்டிருக்கலாம்.

ஊர் எல்லையில் ஒரு டீக்கடையில் காசு நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை.

"வேளாங்கண்ணிக்கு நடக்கறவங்ககிட்ட காசு வாங்கறதா? போயி எங்களுக்கும் வேண்டிக்க தம்பி."

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. மாதா திருவிழாவுக்கு ஊர் ஊராகக் காவி கட்டிக்கொண்டு நடந்துபோகிற சீசன்! பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம், ஹாலில் மாதா காலண்டர், ஞானஸ்நானப் பெயர் ஜெரால்டு. இந்த லட்சணத்தில் ஒரு வெள்ளைக்காரரின் வேட்டை சீசன் தெரிந்த எனக்கு, என் வீட்டு மாதாவின் சீசன் தெரியவில்லை.

அடுத்த ஊரில் மோர்ப் பந்தல். ஓர் அக்கா சொம்போடு வந்தார். இவரிடமாவது உண்மையைச் சொல்வோம் என்று, "நான் கோயிலுக்கு இல்லீங்கக்கா, ட்ரெக்கிங்" என்றேன்.

"அப்டின்னா?"

"சும்மா நடக்கறது."

"சும்மாவா? ஏன்ப்பா, வீட்ல ஒரு வேலையும் குடுக்கலியா?"

அதற்குப் பிறகு நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. விளைவு, மத்தியானத்துக்குள் என் கையில் ஒரு தென்னங்கன்று. வயல் ஓரத்தில் காத்திருந்த ஒரு பெரியவர், மகளுக்குக் குழந்தை பிறந்த வேண்டுதலாம், "மாதாகிட்ட சேத்துடு ராஜா" என்று கண்ணில் தண்ணீரோடு அதை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. வாங்கிக்கொண்டேன். முளைவிட்ட தேங்காய் எவ்வளவு கனம் என்று அந்த வெள்ளைக்காரர் எங்கேயும் எழுதவில்லை.

ரேஞ்சர் இதற்குள் ஊர் சொத்தாகிவிட்டது. எந்த நாயைப் பார்த்தாலும் ஜிம்மி என்று கூப்பிடுவது நம் ஜனங்களின் வழக்கம். "ஜிம்மி! ஜிம்மி!" என்று பந்தலுக்குப் பந்தல் கூப்பிட்டுப் பொறை போட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இத்தனை சொந்தக்காரர்களை அது எதிர்பார்த்திருக்காது. "ரேஞ்சர், கம் ஹியர்!" என்று நான் கத்தியபோது, யாரையோ கூப்பிடுகிறான் பாவம் என்பதுபோல் பார்த்தது.

கிளியனூர் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது என் புது ஷூ இரண்டு குதிகாலையும் தின்று முடித்திருந்தது. கூடாரத்தை அடித்து நிமிர்கிறேன், சாலையில் மைக் செட்டோடு ஒரு கூட்டம். செங்கல்பட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள். மூன்று சக்கர வண்டியில் சப்பரம், அதில் மாதா. ஆரஞ்சுக் கூடாரத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"பார்றா, நமக்கு டென்ட்டு போட்டு வெச்சிக்கிறாங்கோ!"

மூட்டைகள் உள்ளே போயின. மூட்டைகளின் பின்னால் பெண்கள் போனார்கள். நான் வெளியே நின்றேன். அவர்களின் தலைவர் சூசை அண்ணன், வெறுங்காலோடு சென்னைச் சாலை முழுக்கத் தேய்த்து வந்த மனுஷன், என் குதிகாலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாப்பா இது, எங்கேர்ந்து நடந்துக்கினு வர்ற?"

"திண்டிவனம்ணே."

"அடப்பாவி. காலைல ரெண்டு இட்லி துன்ன தெம்புல வர வேண்டிய தூரமாச்சே!"

ஜிம்மி அவர் மடியில் தலை வைத்துச் சாம்பார் சாதத்துக்காகக் காத்திருந்தது.

காலையில் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ஏரிக்கரை காலி. கூடாரத்தை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள் (நான் மடித்ததைவிட நன்றாக). தென்னங்கன்று இருந்தது. ஜிம்மி இல்லை. எழுந்து ஓடப் பார்த்தேன். இரண்டு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். செல்போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தால் கம்பெனி காலி. எடுக்காவிட்டால் அப்பாவின் ஜிம்மி காலி. எடுத்தேன்.

"அப்பா, ஜிம்மியக் காணோம்."

கம்பெனி பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கடா கீற?" என்று மட்டும் கேட்டார். சட்டைப் பட்டனைத் தப்பும் தவறுமாகப் போட்டபடி மொபெட்டில் வந்து நின்றார். நான் தென்னங்கன்றை மடியில் வைத்துப் பின்னால் ஏறினேன். நல்ல வேளை, வழியில் தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை. (பார்த்திருக்கிறார்கள். பிறகு தெரிந்தது.)

வானூர் பக்கம் திரும்பும் இடத்துக்கு முன்னால் கூட்டத்தைப் பிடித்தோம். சப்பரத்துக்கு முன்னால், கழுத்தில் சாமந்தி மாலை, முதுகில் ஆரஞ்சுச் சட்டை, பை நிறையப் பொறை என்று ராஜநடை போட்டுக்கொண்டிருந்தது எங்கள் நாய். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து காலைச் சுற்றியது. என்னையும் மோந்தது, மரியாதைக்கு. பிறகு திரும்பிப் போய்ச் சப்பரத்துக்கு முன்னால் தன் இடத்தில் நின்று, கிளம்பலாமா என்பதுபோல் பார்த்தது.

அப்பா கயிற்றை எடுத்தார். சூசை அண்ணன் கைகூப்பினார்.

"உங்க நாயிங்களா? இட்டுக்கினு போங்க, வோணான்னு சொல்லல. ஆனா அதுவா சேந்து நடக்குதுங்க. நடுவுல திருப்பிக்கினு போறது எப்டியோ கீது."

அப்பா கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"இது ஏதுடா கன்னு?"

"வழியில ஒருத்தரு மாதாவுக்குக் குடுத்தாருப்பா."

"நீ வாங்கிக்கினியா?"

"ம்."

"வாங்கிட்டியே, யாரு கொண்டு போயி சேக்கறது?"

அவர் என் கால்களைப் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி மொபெட்டின் முன்பக்கம் வைத்தார்.

"நீ வண்டிய எடுத்துக்கினு வீட்டுக்குப் போ. அம்மாவ, யார் கையிலயாச்சும் ரெண்டு வேட்டி குடுத்தனுப்பச் சொல்லு. கடைய ஜல்தி தொற, ஆளுங்க வந்துருப்பாங்க."

தென்னங்கன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா நடந்தார். ஜிம்மி முன்னால் நடந்தது. கூட்டம் மரியே வாழ்க என்றது. நான் மொபெட்டை உதைத்தேன். அதுவும் உடனே கிளம்பவில்லை.

அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த வாரம் முழுக்கக் கடையில் நின்று, சுவருக்குக் கேட்டவர்களுக்கு இரும்புக்கு அடிக்கிற பெயின்ட்டைக் கொடுத்தேன். அதற்கடுத்த வாரம் கோச்சிங். இப்போது விழுப்புரத்தில் ஒரு பேங்க்கில் உட்கார்ந்து, 'அட்வென்ச்சர் டூரிசம்' என்று லோன் கேட்டு வருகிற பையன்களை மேலும் கீழும் பார்க்கிறேன். கூடாரம் மொட்டைமாடியில் மல்லாட்டை காயப்போட உதவியது. அப்பாவும் ஜிம்மியும் அதற்குப் பிறகு ஜிம்மி இருந்த வரைக்கும் வருடா வருடம் நடந்தார்கள்.

வேளாங்கண்ணி ஸ்டுடியோவில் எடுத்த படம் இன்னும் ஹாலில் தொங்குகிறது. அப்பா, தோளில் தென்னங்கன்று, காலடியில் ஆரஞ்சுச் சட்டையோடு ஜிம்மி. நாங்கள் பெண் பார்த்துவிட்டு வந்ததும், பதிலுக்கு எங்கள் வீட்டைப் பார்க்க வந்த என் மாமனார்தான் முதலில் கேட்டார்: "நல்லாக்கீதே படம். அதுல மாப்ள எங்க, காணோம்?"

அம்மா காப்பித் தட்டை நீட்டியபடி சொன்னாள்: "அவந்தாங்க பிளான் போட்டது."