ஆறாம் நம்பர் டேபிளுக்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ

ஹேப்பி ஹவருன்னு சொன்ன ஒடனே கொஞ்ச பேரு நிமுந்து உக்காந்துட்டீங்க பாருங்க! கடைசியில ஒருத்தரு நாக்காலியவே முன்னாடி இழுத்துப் போட்டுட்டாரு. தெரியும்ங்க. பாண்டிச்சேரி, கடலோரம், ஒரு பாட்டில் சொன்னா ரெண்டு பாட்டிலு, அப்புறம் இந்தப் பழமலை தள்ளாடிக்கிட்டே பஸ்ஸ புடிச்சி விருத்தாசலம் வந்து வூட்டு வாசல்ல ஒத வாங்குன கதை. அதானே எதிர்பாக்குறீங்க?

அது கெடையாது. இது சோத்துக் கதை. எழுந்து போறவங்க போலாம்.

யாரும் போவலியா? ஒத உண்டா இல்லியான்னு தெரிஞ்சிக்காம போவ மாட்டீங்க. நல்ல மனசுங்க ஒங்களுக்கு.

நான் பீங்கான் கம்பெனியில செக்கிங். சூளையிலேர்ந்து வர்ற ஒவ்வொரு ஃபியூஸ் கட்டையையும் சின்னக் கம்பியால ஒரு தட்டு தட்டுவேன். 'டிங்'குன்னா நல்ல கட்டை. 'டொக்'குன்னா உள்ள விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலு என் காதுக்குத் தெரியும். முப்பது வருசத்துல இந்தக் காது ஒரு கட்டையகூட தப்பா சொன்னதில்ல. இதே காதுதான் எனக்கு மிமிக்ரியும் குடுத்துச்சி. எந்தக் குரலையும் ஒரு தடவ கேட்டா போதும், வாய்க்கு வந்துடும். மேனேஜரு குரல்ல ஆபீசுக்கு போன் போட்டு எனக்கு நானே ரெண்டு நாளு லீவு குடுத்துருக்கேன்னா பாத்துக்குங்க.

அப்படிப்பட்ட ஆளுக்கு சுகரு வந்துச்சி. முன்னூத்தி இருவது! டாக்டரம்மா சீட்டப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, அப்புறம் என்கிட்ட பேசவே இல்ல. என் பொண்டாட்டி அனுசியாகிட்டதான் பேசுனாங்க.

"மூணு மாசம் பாப்போம். எறங்கலன்னா தினமும் ஊசிதான்."

ஊசி! ஆதார் கார்டுக்கு போட்டோ புடிக்கிற வெளிச்சத்துக்கே கண்ணு இருட்டிப் போனவன் நான்.

அன்னியிலேர்ந்து என் வூட்டுல சோறுங்கற வார்த்தையே ஒழிஞ்சி போச்சி.

"என்னாடி இது?"

"வரகு."

"பக்கத்துல?"

"பாகக்கா."

"நேத்தும் பாகக்காதானடி?"

"நேத்து கூட்டு. இன்னிக்கு பொரியலு."

"நாளைக்கு?"

"ஜூஸு."

"நாளான்னிக்கு?"

"பேசாம தின்னுங்க. இல்லன்னா நாளான்னிக்கு ஊசி."

பக்கத்து வூட்டு ராஜம்மா செவுத்துக்கு அந்தாண்டேர்ந்து தலைய நீட்டும். "அண்ணே, முந்தி பூசணிக்கா மாதிரி இருந்தீங்க, இப்ப பொடலங்கா மாதிரி ஆயிட்டீங்க!" அதுக்கும் ஒவமை காய்கறியிலதான்.

பத்தாம் நாளு ஒரு முடிவு எடுத்தேன். ஊசியும் கூடாது, பாகக்காவும் கூடாது. ஆம்பளையா பொறந்தவன் வாய்க்கு ருசியா தின்னுட்டுதான் சாவணும். ஆனா அனுசியாவுக்குத் தெரியாம சாவணும்.

அப்பதான் கம்பெனியில என்கூட வேல பாக்குற செந்தமிழன் காதக் கடிச்சான். "மச்சான், ஜங்ஷன் ரோட்டுல புதுசா ஒரு மாடி ஓட்டலு. பிரேம்நாத்துன்னு ஒருத்தரு, பாண்டிச்சேரி ஓட்டல்ல இருந்துட்டு வந்து ஆரம்பிச்சிருக்காரு. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் ஹேப்பி ஹவரு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ! ஆனா முன்னாடியே போன் போட்டு பேரச் சொல்லணும். ஒரு பேருக்கு ஒரு அயிட்டந்தான்."

ஒரு பேருக்கு ஒண்ணுதானா? என்கிட்ட எத்தினி பேரு இருக்குது! எத்தினி குரலு இருக்குது!

கடவுளும் என் பக்கம் நின்னாருங்க. அனுசியாவுக்கு அந்த மாசத்துலேர்ந்துதான் மகளிர் குழுவுல ஏதோ புதுசா பயிற்சியாம். தினமும் மூணரைக்குப் போனா ஆறரைக்குத்தான் வருவா. எனக்கோ ரெண்டு மணிக்கே ஷிப்ட்டு முடிஞ்சிடும். நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் வாக்கிங்குன்னு சொல்லிட்டேன். "மணிமுத்தாறு பாலம் வரைக்கும் போயிட்டு வரேன்டி"ன்னேன். "நல்லா கைய வீசி நடங்க"ன்னா. வெவரம் தெரியாத பொம்பள, பாவம்.

புது சிம்மு ஒண்ணு வாங்குனேன். பாலக்கரையில ஒரு ஓரமா நின்னு போனப் போட்டேன். மொதல்ல டாக்டர் குரலு. கனமா, கொஞ்சம் சலிப்பா.

"ஹலோ. டாக்டர் நிலவன் ஸ்பீக்கிங், திட்டக்குடி. ஒரு மட்டன் சுக்கா."

அந்தாண்ட யாரோ தொண்டையச் செருமுனாங்க. அப்புறம் ஒரு குரலு வந்துச்சி பாருங்க! தேன்ல ஊறுன பலாச்சொளை.

"வணக்கம் சார்! நான் தென்றல் பேசறேன். ஒரு மட்டன் சுக்காவுக்கு ஒரு மட்டன் சுக்கா ஃப்ரீ சார். ஆறாம் நம்பர் டேபிள். வேற ஏதாவது, சார்?"

பத்து நிமிசம் கழிச்சி மங்கலம்பேட்டை பாய் குரலு. "அஸ்ஸலாமு அலைக்கும்மா. நா துபாய்லேர்ந்து லீவுல வந்திருக்கேன். ஒரு பிரியாணி போட்டு வய்யி."

"வாங்க பாய்! உங்களுக்கும் ஆறாம் நம்பர் டேபிள்தான்."

மூணாவது, பல்லு போன கெழவரு குரலு. வறுத்த கணவா மீனு.

"தாத்தா, பல்லு இல்லாம கணவா கடிப்பீங்களா?"

"ஊற வச்சித் தின்னுக்குவேம்மா."

ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. எனக்கு இருவது வயசு கொறஞ்சி போச்சி.

போயி உக்காந்தேன். சர்வரு திலீபனுக்கு என் வயசு இருக்கும். பவ்யமா வந்து, "டாக்டர் சார் வரலீங்களா?"ன்னாரு.

"அவசர ஆப்ரேசன். அவரு தட்ட என்கிட்ட வைய்யிங்க."

"பாயி?"

"துபாய்க்குக் கெளம்பிட்டாரு."

"அந்தத் தாத்தா?"

"அவரு கெளம்ப வேண்டிய எடம் வேற. நீங்க வைய்யிங்க."

மூணு அயிட்டம், கூட மூணு ஃப்ரீ. மொத்தம் ஆறு தட்டு! என்னா ருசி, என்னா ருசி! அந்த மட்டன் இருக்குது பாருங்க, வாயில வச்சா காளான் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடுது. எலும்புன்னு ஒண்ணு கெடையாது. பிரியாணியில குட்டிக் குட்டியா உருண்ட அரிசி. "எந்த ஊரு சம்பாங்க இது?"ன்னு திலீபனக் கேட்டேன். "ஸ்பெஷல் சார்"னாரு. கணவா மீனு வளையம் வளையமா, முறுமுறுன்னு, பச்சை ஓரத்தோட. லேசா ஒரு கசப்பு. "கடல் தண்ணி கசப்பு சார்"னாரு திலீபன். கடலு உப்புக் கரிக்கும்னுதான் நான் படிச்சிருக்கேன். ஆனா ஃப்ரீயா குடுக்கற கடல போயி கேள்வி கேக்கலாமா?

தினமும் இதேதாங்க. வக்கீலு, எல்.ஐ.சி. ஏஜென்டு, பஸ் கண்டக்டரு, பாஸ்டருன்னு நாப்பது குரலு எறக்கிட்டேன். எல்லாருக்கும் ஆறாம் நம்பர் டேபிளு. தின்னுட்டு மேசையில பிளேட்ட ஒரு தட்டு தட்டுவேன், 'டிங்'குனும். திலீபனப் பாத்து சொல்லுவேன்: "சமைக்கறவங்க கைக்கு வளையல் போடணும்ங்க. எங்க வூட்டுல ஒருத்தி இருக்காளே, அவள இங்க ஒரு மாசம் பாத்திரம் கழுவ வுட்டாகூட ருசின்னா என்னான்னு கத்துக்குவா!"

திலீபன் எதுக்கோ இருமுவாரு. எப்பவும் சளி அந்த மனுசனுக்கு.

ராத்திரி அனுசியா கஞ்சிய நீட்டுவா. "வேணாம்டி, நடந்தா பசியே அடங்கிடுது"ம்பேன். அவளும் வற்புறுத்த மாட்டா. அய்யோ பாவம்னு இருக்கும் எனக்கு.

மூணு மாசம் முடிஞ்சிச்சி. டெஸ்டு. இத்தினி மட்டனும் பிரியாணியும் தின்னதுக்கு ஐநூறாவது காட்டும், ஊசி நிச்சயம்னு பயந்து, எங்க ஊரு சாமி பழமலைநாதர வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். டாக்டரம்மா சீட்டப் பிரிச்சாங்க.

"நூத்தி நாப்பது! பிரமாதம். ஊசி வேணாம். என்னா சாப்புட்டீங்க பழமலை?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அனுசியா சொல்றா: "நான் சமைக்கறத அப்படியே சாப்புடறாருங்க டாக்டர். ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாரு."

உள்ளுக்குள்ள சிரிப்பு பொத்துக்கிட்டு வருதுங்க எனக்கு! பாகக்காவால எறங்கல. பிரியாணியால எறங்கியிருக்குது! உலகத்துலயே இதக் கண்டுபுடிச்ச மொத ஆளு நான்தான். பெரிய பரிசெல்லாம் பீங்கான் கம்பெனிக்கு எங்க வரப்போவுது!

மறுநாளு கொண்டாட்டம். ஆறு குரலு முடிச்சிட்டேன். ஏழாவதா ஒரு ஆசை வந்துச்சி. எல்லா குரலும் பண்ணியாச்சி, என் பொண்டாட்டி குரலு ஒண்ணுதான் பாக்கி. தொண்டைய இறுக்கி, மூக்க லேசா சுருக்கி எடுத்து வுட்டேன்.

"ஹலோ, நான் அனுசியா பேசறேன். பழமலை சம்சாரம்."

அந்தாண்ட ஏதோ பாத்திரம் கீழ வுழுந்த சத்தம்.

"சொ... சொல்லுங்க மேடம்."

"ஒரு முட்டை பரோட்டா வேணும்."

"தரோம் மேடம். உங்க வூட்டுக்காரரு நல்லா இருக்காரா?"

"அது கெடக்குது தண்டம். வாயத் தவிர ஒண்ணும் வேல செய்யாது."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மேடம். வூட்டுல நீங்க நல்லா சமைப்பீங்களா?"

"என் சமையலா? நாய்க்கு வச்சா அது என்னக் கடிக்க வரும்மா!"

"அப்படியா மேடம்! இன்னிக்கு உங்க பேருக்கு கூடுதலா ஒண்ணு அனுப்பறேன்."

அன்னிக்கு நான் சும்மா போவல. கம்பெனியிலேர்ந்து ஒரு பீங்கான் பொம்மை வாங்கி, கலரு பேப்பர் சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேன். அந்தத் தென்றலுக்குத்தான். தப்பா நெனைக்காதீங்க, கலைஞனுக்குக் கலைஞன் செய்யிற மரியாதை. அப்படி ஒரு குரலு இந்தக் காது கேட்டதே இல்லியே!

தின்னு முடிச்சேன். ஏழு ஃப்ரீயும் உள்ள போயாச்சி. எழுந்து நின்னு பொம்மைய நீட்டினேன். "திலீபன், அந்தத் தென்றலம்மாவ கொஞ்சம் கூப்புடுங்க. நேர்ல ஒரு நன்றி சொல்லணும்."

திலீபன் தண்ணி ஜக்கோட நின்னுட்டாரு. சளி பலமா வந்துடுச்சி.

பக்கத்து டேபிளுல ஒரு பெரியவரு டீ குடிச்சிக்கிட்டு இருந்தாரு. தமிழ்மணின்னு பேரு. ஓட்டலுக்குத் தெனமும் வாழையெலையும் காய்கறியும் போடறவரு. அவருக்கு நான் யாருன்னு தெரியாது. டீய உறிஞ்சிக்கிட்டே திரும்புனாரு.

"தென்றலா? அப்படி யாரும் இங்க கெடையாதே தம்பி. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் பெரிய மாஸ்டரு தூங்கப் போயிடுவாரு. அந்த நேரத்துக்குத்தான் ஹேப்பி ஹவருன்னு பேரு வச்சி மகளிர் குழுவுக்கு வுட்டுருக்காங்க. சமையலு, போனு ரெண்டுமே அனுசியாம்மாதான். கெட்டிக்காரப் பொம்பள!"

நான் பொம்மைய மேசையில வச்சேன்.

"அந்தம்மா கதை தெரியுமா? யாரோ ஒரு சுகர்காரன் தெனமும் ஆறாம் நம்பர் டேபிளுக்கு வரானாம். அவனுக்கு மட்டும் மட்டனுக்கு பதிலா காளானு, அரிசிக்கு பதிலா வரகு. பாகக்காவ வட்ட வட்டமா வெட்டி வறுத்து கணவான்னு குடுக்கறாங்க. அதுக்குன்னே நான் தெனம் ஒரு கிலோ பாகக்கா தனியா கொண்டாறேன்."

"பெரியவரே..." என்னோட சொந்தக் குரலே எனக்கு வரல.

"அட, இன்னிக்கு நடந்ததக் கேளு தம்பி! அந்த மடையன், அனுசியாம்மாவுக்கே போனப் போட்டு, நான்தான் அனுசியான்னு சொன்னானாம்! உள்ள பத்து பொம்பளைங்க வயித்தப் புடிச்சிக்கிட்டுத் தரையில உருளுறாங்க. அவன் யாருன்னு கேட்டா மட்டும் அந்தம்மா சொல்ல மாட்டேங்குது. 'அப்படி ஒரு ஆளுக்கு வாக்கப்பட்டேன்னு வெளிய சொன்னா எனக்குத்தானண்ணே கேவலம்'னுது!"