என் குதிகால் ரகசியம்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று முடிவு எடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. கண்ணாடி முன்னால் மார்பை நிமிர்த்தி நின்று, ஷேவ் செய்துகொண்டே எடுத்த முடிவு. கொஞ்சம் ரத்தம்கூட வந்தது.

எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பரண். ஏணி போட்டு ஏறி, பரணில் இருப்பதையெல்லாம் கீழே இறக்க வேண்டும், துடைக்க வேண்டும், திரும்பப் பரணிலேயே ஏற்ற வேண்டும். போன வாரம் ஏற்றியதை இந்த வாரம் எதற்கு இறக்குகிறோம் என்று ஒரு தடவை கேட்டேன். அன்றிலிருந்து ஜன்னல் திரைகளும் என் தலையில் விழுந்தன. பிறகு நான் கேள்வி கேட்பதில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ் கேஷியர் ஒரு மலைநடைக் குழு ஆரம்பித்தார். ஞாயிறு காலையில் பஸ் ஏறிப் போய், ஒரு மலையில் நடந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்ப வேண்டியது. எல்லோரும் அவரைத் தலைவர் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அவர் விடுதலை வாங்கித் தர வந்த தலைவராகவே தெரிந்தார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் நுழைந்த உடனே, டிக்கெட் எடுக்காத ஆசாமி யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். யூனிஃபார்மைக் கழற்றிய பிறகும் அந்தப் பார்வையைக் கழற்ற மாட்டாள்.

"தாராளமா போயிட்டு வாங்க," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிஜமாவா?"

"ஆனா ஒண்ணு. போயிட்டு வந்து கால் வலி, கை வலின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. நொண்டக் கூடாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் ஞாயித்துக்கிழமை மொத்தமும் என்னுது. பேச்சே கிடையாது. சம்மதமா?"

"ஆயுசுக்கும் சம்மதம்!" என்றேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்.

பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். "சாயங்காலமா வந்து போட்டுப் பாருங்க சார். நடந்த கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அளவு சரியா தெரியும். தடி சாக்ஸோட போடணும். முன்னால கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கணும், இல்லன்னா இறங்கும்போது விரல் போய் முட்டும்," என்றார். நாங்கள் போனதோ காலை நேரம். என் காலில் இருந்ததோ ஆபீஸுக்குப் போடும் மெல்லிய சாக்ஸ்.

"ஒரு சைஸ் பெருசா எடுங்க," என்றாள் மனைவி.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நானே பெரிதாகத்தான் எடுத்திருப்பேன். சொல்லிவிட்டாளே! அதற்கப்புறம் எப்படி எடுப்பது?

"என் கால் எட்டு. பிறந்ததுலேருந்து எட்டு."

"பிறந்தப்பவே எட்டா? பாவம் அத்தை."

"கொஞ்சம் பிடிக்குது, அவ்வளவுதான். போடப் போடத் தோல் இளகிடும்."

"எந்தத் தோல்? ஷூ தோலா, உங்க தோலா?"

கடைக்காரர் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

முதல் மலையில் பாதி ஏறும்போதே வலது குதிகாலில் சுருக்கென்றது. "உறுத்துச்சுன்னா உடனே நின்னு ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கோங்க," என்று தலைவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நான் நிற்கவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே! இறங்கும்போது இடது சுண்டுவிரலும் கச்சேரியில் சேர்ந்துகொண்டது. திரும்பும் வழியில் பஸ்ஸில் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். குதிகாலில் திராட்சைப் பழம் மாதிரி ஒரு கொப்புளம். பயந்துவிட்டேன். வலிக்காக இல்லை. என் மிச்ச ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தமும் அந்தக் கொப்புளத்துத் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

தெருமுனையில் நின்று நடையைச் சரிசெய்துகொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"என்ன, இவ்வளவு விறைப்பா வர்றீங்க?"

"மலைக் காத்து. உடம்பு தானா நிமிர்ந்துடுச்சு."

"அப்படியா?"

அவ்வளவுதான் கேட்டாள். அந்த ஒரு 'அப்படியா'வில் எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

அடுத்த ஞாயிறு இரண்டாவது மலை. அதற்குள் கொப்புளம் ஆற வேண்டும். ஆறும்வரை அவளுக்குத் தெரியக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகும் வழியில் அவர் கடைக்குள் புகுந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தேன்.

"ஊசியால குத்தி விட்டுடலாமா?"

"அய்யய்யோ, தொடாதீங்க சார். மேல் தோல்தான் அதுக்கு மூடி. அதைப் பிச்சீங்கன்னா சீழ் வச்சிடும். மெத்துன்னு ஒரு பிளாஸ்டர் தர்றேன். தினமும் கழுவி மாத்துங்க. வீட்டுல காலைக் காத்துப் படற மாதிரி வையுங்க."

"காத்துப் படலாம். அவ கண்ணு படக் கூடாதே!"

"மறுபடி அதே பூட்ஸையா போடப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

அவர் இன்னொரு பெட்டி பிளாஸ்டரையும் எடுத்து வைத்தார்.

"வீட்டுல சொல்லிடாதீங்க."

"நானா போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்," என்றார்.

அந்த வாரத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. ஆபீஸில் நொண்டினேன், வீட்டில் நிமிர்ந்தேன். மாடிப்படி இறங்கும் சத்தத்தில்கூடச் சந்தேகம் வரக் கூடாது என்று தாளம் தவறாமல் இறங்கினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் முனகினேன். மற்ற நேரமெல்லாம் சாக்ஸ்.

"வீட்டுக்குள்ள என்ன சாக்ஸ்?"

"குளிருது."

"ஃபேனை முழுசா வச்சது நீங்கதானே?"

"உடம்புக்குப் புழுக்கமா இருக்கு. காலுக்குத்தான் குளிர்."

"ஒரே ஆளுக்கு ரெண்டு சீதோஷ்ணமா?"

இன்னொரு நாள், மேல்தட்டில் இருந்த ஒரு டப்பாவை எடுக்கச் சொன்னாள். நுனிக்காலில் எம்பினேன். சுண்டுவிரல் உயிரை வாங்கியது.

"ஏன் கண்ணு கலங்குது?"

"டப்பாவைப் பார்த்ததும் பழைய ஞாபகம்."

"அதுல இருக்கிறது சோப்புத்தூள்."

வார முடிவு நெருங்கியதும் கேள்விகள் நின்றுபோயின. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ரயிலில் அவள் வழக்கம் அதுதான். யார்மேல் சந்தேகமோ அவனை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் எல்லோரிடமும் டிக்கெட் கேட்பாளாம். கொஞ்ச நேரத்தில் அந்த ஆளே வேர்த்து விறுவிறுத்து எழுந்து வந்துவிடுவானாம். நான் எழுந்து போகவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குதிகாலுக்குப் புது பிளாஸ்டர் ஒட்டினேன். உரசாமல் இருக்க இரண்டு சாக்ஸ் போட்டால் பூட்ஸ் ஏறவில்லை. ஒரு சாக்ஸோடு போட்டால் பிளாஸ்டரோடு சேர்த்துக் கடித்தது. ஒரு சாக்ஸே போதும் என்று கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி பாட்டில் எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"தொப்பி?"

"எடுத்தேன்."

அவள் முன்னாலேயே கூடத்தைக் கடந்தேன். ஒரு நெளிவு இல்லை, ஒரு முனகல் இல்லை. கதவுப் பிடியில் கை வைத்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் திரும்பி நின்று, "பார்த்தியா? துளிகூட வலி இல்ல!" என்றேன்.

"வலிக்குதான்னு நான் கேக்கவே இல்லையே."

கதவுப் பிடி என் கையில் சில்லென்று இருந்தது.

"அது... பொதுவா சொன்னேன்."

"பொதுவா எந்தக் குதிகால்? வலதா?"

வலது காலை மெதுவாக இடது காலுக்குப் பின்னால் மறைத்தேன்.

"உக்காருங்க. கழட்டுங்க."

கழற்றினேன். என் காலைத் தன் மடியில் வைத்து, பிளாஸ்டரின் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள்.

"பரவாயில்ல, ஆறிட்டுத்தான் வருது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே."

"அந்த மனுஷன் சொல்லிட்டாரா! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாரே!"

"அவரா வந்து சொல்லல. நான் போய்க் கேட்டேன், சொன்னாரு. இவர் வந்தா நல்ல மருந்தா, எரியாததா பார்த்துக் குடுங்கன்னு, நீங்க மலையிலேருந்து வந்த அன்னைக்கே சொல்லி வச்சிருந்தேன்."

வாரம் முழுக்க நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தேனோ, அவள்தான் என் காலுக்கு மருந்து பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த பூட்ஸுக்குப் பரண் எவ்வளவோ மேல்.

"தோத்துட்டேன். ஞாயித்துக்கிழமை இனிமே உன்னுது," என்றேன். "வா, பரணை இறக்கலாம்."

"சந்தோஷம்," என்று எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தலையில் தொப்பி, தோளில் பை, காலில் பூட்ஸ்.

"இது எப்போ வாங்கினே?"

"உங்களுக்கு வாங்கினோமே, அன்னைக்குச் சாயங்காலமே போய் வாங்கிட்டேன். ஒரு சைஸ் பெருசா. டியூட்டியில பெட்டி பெட்டியா நடந்தே பழக்கிட்டேன். இப்ப செருப்பு மாதிரி இருக்கு."

"எங்க கிளம்பிட்டே?"

"என்னோட ஞாயித்துக்கிழமையை நான்தானே கழிக்கணும்? தலைவர்கிட்ட போன வாரமே பேர் குடுத்துட்டேன்."

வாசலில் ஹாரன் அடித்தது. "மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று தலைவரின் குரல் கேட்டது. விடுதலை வாங்கித் தர வந்தவர் யாருக்கு வாங்கினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இரு, நானும் வர்றேன்!" என்று பூட்ஸைத் தேடினேன்.

"அதையும் மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டுட்டேன்," என்றாள், குனிந்து லேஸை இறுக்கிக்கொண்டே. "நீங்க இப்போதைக்கு மலை ஏறக் கூடாதாம். ஏணி ஏறலாமாம்."