ரசமட்டத்தின் வீடு மெட்ராஸ் போனது

இந்தப் பூமி உருண்டை என்பதில் ராஜபாளையத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் வருத்தம் இருந்தது. அவருக்குப் பெயர் ரசமட்டம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது, அதை அவரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

கையளவு கட்டை, அதற்குள் ஒரு கண்ணாடிக் குழல், குழலுக்குள் ஒரு நீர்க்குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம், ஓடினால் சாய்வு. இதுதான் ரசமட்டம் என்கிற கருவி. எங்கள் தெரு ரசமட்டம் பஞ்சு மில்லில் மெஷின் ஊன்றும் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று மாலையைப் போட்டு வழியனுப்பினார்கள். மெஷின்களை மில்லிலேயே விட்டுவிட்டு, மட்டத்தை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதன்பின் ஊரிலிருந்த எதனாலும் நிம்மதியாக நிற்க முடியவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் பெஞ்சில் மட்டத்தை வைப்பார். "கிளாஸைப் பாருலே. டீ நேராத்தான் நிக்கி. கிளாஸுதான் சாஞ்சிருக்கு" என்பார். அடியில் கொடுக்க அட்டை கிடைக்கும்வரை டீ ஆறும். ஒரு கல்யாணத்தில் மணவறையை அளந்து, "மாப்பிள்ளை பக்கம் ஒரு நூல் ஒசந்திருக்கு" என்று சொன்னார். நூல் என்றால் தொழிலில் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் சொன்னது மணவறையை. பெண் வீட்டார் எடுத்துக்கொண்டது வேறு. முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மணப்பெண்ணின் பக்கம் இரண்டு செங்கல் வைத்துச் சமாதானம் செய்தார்கள். அதற்கப்புறம் பெண் பக்கம் ஆறு அங்குலம் உயரம். அவர் சாப்பிடாமல் வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போன முதல் ஆள் நான். அதனால் தெருவிலுள்ள அத்தனை பேருக்கும் கடிதம் எழுதுவதும் படிப்பதும் என் வேலை. ரசமட்டத்துக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. ஆனால் நான் எழுதிய கார்டை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "ஏலே, பி.காம். படிச்சவன் எழுத்தா இது? வரி மேடேறுது. ஒங்க காலேஜ்ல அடிமட்டம் குடுக்க மாட்டாகளா?" கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் வரி மேடேறத்தான் செய்யும். அது என் கையின் குணம்.

அவருக்கு ஒரே மகள், செல்வி. மெட்ராஸில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கும் விருதுநகர்க்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை தாம்பரம் தாண்டி ஒரு வீடு கட்டினார். லீவு போட்டுக் கூடவே நின்று, கல் கல்லாகப் பார்த்துக் கட்டிய வீடு. பால் காய்ச்சும் நாளில் சொந்தக்காரர்கள் ஹால் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். பால் பொங்கப்போகிற நேரம், மாமனார் குனிந்து தரையில் மட்டத்தை வைத்தார்.

"மாப்ள, வாசலைப் பாத்து அடிக்கு ஒரு நூல் வாட்டம் இருக்கு. குளிக்கிற ரூமுக்குத்தான் இப்படி வைப்பாக."

பால் பொங்கியது. யாரும் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல தண்ணி ஊத்துனா வாசலுக்குப் போவும் மாமா. ஒங்களுக்கும் வழி அதுதான்" என்றார் மாப்பிள்ளை.

"தளத்தை ஒடச்சு நேராக்கு. அன்னைக்கு இந்த நெலப்படியை மிதிக்கேன்" என்று சொல்லிவிட்டு ரசமட்டம் பஸ் ஏறிவிட்டார்.

அதன் விளைவாகத் தலைப்பிரசவத்துக்குச் செல்வி ராஜபாளையம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் இது சாதாரண விஷயமில்லை. அவருடைய மனைவி பாக்கியம் அத்தைதான் மெட்ராஸ் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். ரசமட்டம் பேத்தியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு வருஷம் கழித்துச் செல்வியிடமிருந்து கார்டு வந்தது. நான்தான் வாசித்தேன். "பிள்ளைக்கு நடை வந்துவிட்டது. அப்பா பார்த்தால் நன்றாக இருக்கும்."

அத்தை அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "பிள்ளையே நடந்துருச்சு. இவுகளுக்கு இன்னும் காலு வரல."

மறுவாரம் அவர் ஒரு பழைய வேனை வாங்கி வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார். சீட்டுகளையெல்லாம் கழற்றினார். மூன்று மாதத்தில் அதற்குள் இரண்டு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, சாமி படம், துணிக்கொடி, பின்பக்கக் கதவில் ஒரு மர நிலைப்படி, அதற்கு மஞ்சள் குங்குமம் எல்லாம் வந்துவிட்டன.

"மாமா, அப்போ சபதம்?" என்று கேட்டேன்.

"நான் எங்கலே அவன் வீட்டுக்குப் போறேன்? என் வீடு போவுது. நான் என் வீட்டுக்குள்ள இருக்கேன்."

என்னையும் கூப்பிட்டார். "படிச்சவன் ஒருத்தன் வேணும். மெட்ராஸ்ல எல்லாமே எழுத்தாக் கெடக்குமாம்."

ஒரே ஒரு தவறு நடந்தது. ஜன்னல் திரைக்குத் துணி வேண்டும் என்றதும், எங்கள் ஊர்க்காரர் என்ன செய்வாரோ அதையே அவரும் செய்தார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிதறியாக ஓடுகிற துணியை ஒரு கட்டு வாங்கி வந்து தைத்து மாட்டினார். அது காயத்துக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணி. வேன் வேறு வெள்ளை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்விக்குப் பால்கோவா வாங்க நிறுத்தினோம். கடைக்காரர் வண்டியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, பேஷண்டுக்கு இனிப்பு ஆகுமா?"

"பேஷண்ட் யாரு? நாங்க ஊரு பாக்கப் போறோம்" என்றார் ரசமட்டம்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார், தலையை மெதுவாக ஆட்டினார். கால் கிலோ கூடவே போட்டார்.

அங்கிருந்து எங்களுக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். திருமங்கலத்தில் பஸ்கள் ஒதுங்கின. மதுரையில் ஒரு போலீஸ்காரர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிட்டார். உள்ளே அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேண்டேஜ் துணி எதையும் மறைக்காது. கண்ணீர் வழிகிற அந்த முகத்தைப் பார்த்து அவர் தொப்பியைக் கழற்றினார். "மெட்ராஸ் பயணத்துல மதுரைக்காரவுக மரியாதை தனி" என்றார் ரசமட்டம். நான் படித்தவன், ஆனாலும் விளக்கம் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்துவதுதான் பெரும்பாடு. நிறுத்தியவுடன் மட்டத்தை வண்டித் தரையில் வைப்பார். நான் கீழே இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுப்பேன். "முன்னாடி ஒரு நூல்... போதும். போதாது. எடு." குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் அத்தை அடுப்பைப் பற்ற வைக்கலாம். திருச்சி பக்கத்தில் இது ஒன்றரை மணி நேரம் நடந்தது. வயலில் நின்ற ஒருவர் பஞ்சர் என்று நினைத்து உதவிக்கு வந்தார்.

"பஞ்சர் இல்லண்ணே. கொழம்பு வைக்கப் போறோம்" என்றேன்.

அவர் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

மறுநாள் மதியம் மாப்பிள்ளை வீட்டு வாசலுக்கு எதிரே வேன் நின்றது. மட்டம் பார்த்தாயிற்று. அத்தை இறங்கி உள்ளே போனாள். ரசமட்டம் தம் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை வெளியே வந்தார்.

"வாங்க மாமா."

"வந்துட்டேன் மாப்ள. என் வீட்டுலதான் இருக்கேன். வாங்க, காப்பி சாப்பிடுவோம்."

"நான் எங்க வீட்டுல குடிச்சுட்டேன்" என்று மாப்பிள்ளை உள்ளே போய்விட்டார். இடையில் பன்னிரண்டு அடி ரோடு. இரண்டு வீட்டிலும் காப்பி ஆறியது.

செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இதற்காகத்தான் இத்தனையும். ரசமட்டம் கையை நீட்டினார். பேத்தி அவருடைய மீசையைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்கும்படி அழ ஆரம்பித்தாள். வெள்ளைத் துணி மாட்டிய இடமெல்லாம் ஊசி போடுகிற இடம் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இரண்டு நாளும் வேன் பக்கம் கொண்டுவந்தாலே அழுகை. உள்ளே ஹாலில் சிரித்துக்கொண்டு நடப்பாள். அவர் பேண்டேஜ் திரை வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

"செத்த நேரம் உள்ள போயி ஒக்காந்தா என்ன கொறைஞ்சு போவீக?" என்றாள் அத்தை.

"வாய் தவறி வந்துருச்சு. இப்போ கால் தவறக் கூடாதுல்ல" என்றார். அந்தப் பதிலை அவர் யோசித்து வைத்திருந்தது போலிருந்தது. சொன்னபிறகு மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஊர் பார்க்கப் போனோம். மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடிக் கட்டடத்துக்கு எதிரே அவர் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். அது நூலில் தொங்குகிற ஓர் இரும்புக் குண்டு, சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்ப்பது. நூலைக் கையில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டடத்தோடு சேர்த்துப் பார்த்தார். பின்னால் நாற்பது பேர் கூடி அவர்களும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். "நேரா நிக்கி" என்றார் கடைசியில். கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. கடற்கரையில் அவர் மணலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எம்புட்டு தண்ணி. ஒரு நூல் பெசகல பாரு" என்று மட்டும் சொன்னார். எழுந்து வரும்போது பேத்திக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கினார். அதை அத்தைதான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அன்று மாலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். சாமான்களெல்லாம் ஏறிவிட்டன. அத்தை உள்ளே மகளிடம் விடைபெற்று முடிக்கிற வழியாக இல்லை. கூப்பிடுவதற்காக ரசமட்டம் ரோட்டைத் தாண்டி மாப்பிள்ளை வீட்டு நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றார். நானும் நின்றேன். கரண்ட் இல்லை. ஃபேன் நின்றுபோய், கொடியில் கிடந்த துணிகூட அசையவில்லை.

பேத்தி ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து பந்தைத் தரையில் வைத்தாள். தள்ளவில்லை. வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

பந்து யோசித்தது. பிறகு மெதுவாக உருள ஆரம்பித்தது. அத்தையைத் தாண்டி, செல்வியைத் தாண்டி, நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் கால் ஓரமாகப் போய், ஹால் முழுவதையும் கடந்து, நிலைப்படியில் முட்டி நின்றது. அடிக்கு ஒரு நூல். அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் சந்தேகமில்லை. பேத்தி எழுந்து தத்தித் தத்திப் பின்னாலேயே வந்தாள். நிலைப்படிக்கு உள்ளே நின்று, குனியத் தெரியாமல், பந்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை.

மாப்பிள்ளை எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "மாமா, அன்னைக்கு நீங்க சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

ரசமட்டம் அவரை முடிக்க விடவில்லை.

"காத்து அடிக்கி மாப்ள. பந்தை உருட்டிருச்சு."

சொல்லிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, குனிந்து பந்தை எடுத்துப் பேத்தி கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்து போய் உட்கார்ந்தாள். தரையில் வைத்தாள். பந்து அவரிடம் வந்தது. அவர் நிலைப்படிக்கு உள்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவர் தம்ளரைக்கூடப் பார்க்காமல் குடித்தார். நாங்கள் அன்று கிளம்பவில்லை. நாலு நாள் கழித்துத்தான் கிளம்பினோம்.

பிறகு ஒரு வருஷம் போல் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து கார்டு வந்தது. ஹால் தரையை உடைத்து மொசைக் போடப்போவதாகவும், மாமா வந்து மட்டம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ரசமட்டம் என்னை உட்காரவைத்துப் பதில் சொன்னார்.

"தளத்துல கை வைக்க வேண்டாம்னு எழுதுலே. சரியாத்தான் இருக்குன்னு எழுது."

எழுதி நீட்டினேன். வழக்கம்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வரிகள் நாலும் நன்றாக மேடேறியிருந்தன. வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தானலே எழுதிருக்க" என்று சொல்லி, தபாலில் போடக் கொடுத்தார்.