இரண்டு அங்குலம் இறக்கிய கார்

மணல்வாய்க்கால் கிராமம்,
நாகை மாவட்டம்.
14 ஏப்ரல் 1996

சேசு மரி சூசை துணை

அன்பு மகன் ஆல்பினுக்கு,

உன் தகப்பன் குழந்தைராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா இடுப்பு நீங்கலாக நலம், பசுவும் கன்றும் நலம். உன் கார் நலமாக இல்லை. ஷார்ஜாவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல். போன கடிதத்தின் நான்கு பக்கத்திலும் காரைப் பற்றியே எழுதியிருந்தாய். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுத அதில் இடம் இல்லாமல் போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தவன், தரங்கம்பாடியில் ஒரு பழைய பங்களாவுக்குப் பின்னால் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தாய். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் ஆன வருஷத்து மாடல், கூரைக்குப் பதில் கிழிந்த கித்தான், உட்கார இரண்டே இடம். நீ ஓட்டுவாயாம், பக்கத்தில் அம்மாவை வைத்து வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் கூட்டிப்போவாயாம். நான் எதில் வருவது என்று அன்றைக்கே கேட்டேன், இன்றுவரை பதில் இல்லை. திரும்பிப் போனதும் இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து சில பக்கங்களைக் கிழித்து அனுப்பினாய். காரை இரண்டு அங்குலம் தரையை நோக்கி இறக்க வேண்டும், அப்போதுதான் அழகு. ஆனால் அம்மா இடுப்புக்குத் துளிகூடக் குலுங்கக் கூடாது. இரண்டும் முடிந்ததும் எழுதுங்கள், அன்றைக்கே லீவு கேட்கிறேன் என்றாய். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டையும் வரப்பையும் உயர்த்திக் கட்டும் ஊர் இது. இங்கே ஒன்றை இறக்கச் சொன்ன முதல் ஆள் நீதான்.

கூட்டுறவுச் சங்கச் செயலாளராக முப்பது வருஷம் சர்க்குலர் படித்தவனுக்கு இந்தப் பக்கங்கள் எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். பாதி புரிந்தது. இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி தாழும், ஆனால் உள்ளே இருப்பவர் முதுகு முறியும்; தக்க ஸ்பிரிங் வேறு போட வேண்டும், அது லண்டனில் கிடைக்கும் என்று போட்டிருந்தது. லண்டனுக்கு நம் ஊரிலிருந்து டவுன் பஸ் கிடையாது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பாரம் இல்லாத மாட்டுவண்டி தடதடவென்று ஆளைக் குலுக்கும், நெல் மூட்டை ஏற்றிவிட்டால் அதே வண்டி அமுங்கி, தெப்பம் மாதிரி போகும், இதை நான் நாற்பது அறுவடையில் பார்த்திருக்கிறேன். கைவசம் இருந்தது தாளடிப் போகத்துக்கு வைத்திருந்த விதைநெல். டிக்கியில் இரண்டு மூட்டை, சீட்டுக்குப் பின்னால் ஒன்று, முன்பக்கம் தாழவில்லையே என்று காலடியில் அரை மூட்டை. கார் சொன்னபடி இரண்டு அங்குலம் இறங்கியது. நாகூர் மூஸாதான் ஓட்டினான், டிராக்டர் டிரெய்லர் பட்டறை வைத்திருக்கிறானே, அவனேதான். போகிற வழியில் நான் தூங்கிவிட்டேன், அவ்வளவு சுகம். லண்டன்காரனுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்த கர்வத்தில் மூட்டைகளை அப்படியே வண்டியில் விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கித்தானில்தான் கிழிசல் இருக்கிறதே, நான் என்ன செய்தேன் என்றால், நன்றாக நனைந்த பிறகு தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினேன். விதைநெல்லை நனைத்து இறுக்கி மூடி வைத்தால் என்ன ஆகும் என்று விவசாயி வீட்டில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாயை எடுத்தபோது டிக்கி முழுக்க வெள்ளை வெள்ளையாக முளை. உன் தோல் சீட்டின் தையல் வழியாகவும் இரண்டு பச்சை தலைகாட்டியது. நாற்றங்கால் உழாமல் கிடந்ததால், பக்கத்து வயல் பக்கிரியின் கையைக் காலைப் பிடித்து அவன் சேற்றில் கொண்டுபோய் விதைத்தோம். காரிலிருந்து கூடை கூடையாக முளைநெல் இறங்குவதை வேடிக்கை பார்க்கப் பள்ளிக்கூடமே வந்து நின்றது.

அதற்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. மூஸா ஸ்பிரிங்கை வெட்டிவிட்டான். வெட்டக் கூடாது என்று பத்திரிகையைக் காட்டினேன். 'ஐயா, இது வெள்ளைக்காரன் ரோட்டுக்கு எழுதுனது' என்று சொல்லிவிட்டு வெட்டினான். இரண்டு அங்குலம் கேட்ட இடத்தில் நான்கு அங்குலம் இறங்கியது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்து வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்வந்தேன், என் பல்செட் எங்கே விழுந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூட வாசல் வேகத்தடையில் ஏறி, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல், அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்துகொண்டது. பழைய ஞாபகம் போலிருக்கிறது. ஆறு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பங்குனியில் நடந்ததைக் கேள். உளுந்து அறுவடை சமயம், ரோடெல்லாம் செடியைப் பரப்பியிருக்கிறார்கள், போகிற வண்டி மிதித்துக்கொடுத்தால் மணி உதிரும் என்று. பஸ் போனது, லாரி போனது. பின்னால் நானும் மூஸாவும் உட்கார்ந்திருந்த உன் கார் போனது. மிதிக்கவில்லை மகனே, வாரிக்கொண்டது. பிரகதாம்பாள் குத்தகை நிலத்தில் விளைந்த அத்தனை உளுந்துச் செடியும் வண்டிக்கு அடியில் வைக்கோல்போர் போட்ட மாதிரி சேர்ந்துகொண்டு கடைத்தெரு வரைக்கும் கூடவே வந்தது. அதற்குள் புகைபோக்கிச் சூட்டில் புகைய ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு கையில் குடமும் ஒரு கையில் அரிவாளுமாக ஓடி வந்து, தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, நடுரோட்டில் படுத்துச் செடியை அறுத்து எடுத்தாள். எடுத்து முடித்து என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: 'லாரி போனா உளுந்து உதிருதுங்க. உங்க வூட்டுக் காரு போனா உளுந்தே ஊரை வுட்டுப் போவுது.' அன்றிலிருந்து நம் தெருவில் செடி பரப்புகிறவர்கள் ஹாரன் சத்தம் கேட்டாலே ஓடி வந்து அள்ளிக்கொள்கிறார்கள்.

ஆகவே மகனே, ஒன்று தாழ்வு, இல்லையென்றால் சுகம், இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்காது என்பது என் முடிவு. மேற்படி காரில் உன் அம்மாவை உட்காரவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். நாகப்பட்டினம் டாக்டர் குலுங்கக் கூடாது என்று சொன்னதிலிருந்து அவள் பஸ் ஏறவில்லை, வேளாங்கண்ணிக்கும் போகவில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டரை இந்த வெயிலில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ ஆசைப்பட்டு வந்து இந்த வண்டியைப் பார்த்து மனசு ஒடிந்து நிற்பதை என்னால் காண முடியாது. லண்டன் ஸ்பிரிங் கிடைத்த பிறகு, அடுத்த வருஷத் திருவிழாவுக்கு லீவு கேள். இந்த வருஷம் வர வேண்டாம்.

உன் அறையில் இருக்கும் வேதாரண்யத்துப் பையனுக்கு என் விசாரிப்பைச் சொல். ஞாயிற்றுக்கிழமை பூசை கிடைக்காவிட்டாலும் ஜெபமாலையை விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. குழந்தைராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் ரத்து. உறை ஒட்டப் பசை எடுத்து வருவதற்குள் உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்து, கோயில் வரைக்கும் ஓட்டச் சொன்னாள். மூஸா ஓட்டினான், நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். வேகத்தடை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் போனான். அப்படியும் பாலத்தில் ஏறி இறங்கியபோது அவள் கண்ணை மூடி இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, 'மெத்தை மாதிரி இருக்குங்க. வண்டி தயாராயிடுச்சுன்னு எழுதுங்க' என்றாள். ஆகவே எழுதுகிறேன்: கார் தயாராகிவிட்டது, தாழ்வாகவும் இருக்கிறது, சுகமாகவும் இருக்கிறது. இன்றைக்கே லீவு கேள். இதை எழுதும்போதும் அவள் காரில்தான் இருக்கிறாள். அவ்வளவு தாழ்விலிருந்து அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் மூஸாவும் கை கொடுத்தோம், வேண்டாம், பிள்ளை வந்து கை கொடுக்கட்டும் என்கிறாள். பக்கத்து சீட் உனக்காம், அதில் உட்காரவும் என்னை விடவில்லை. வெயில் ஏறுகிறது, நான் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சீக்கிரம் வா.